முடியுமா என்று விதி சொல்லாது

சுவாமி விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அடுத்த மாதமே, ஜூலை 19 இல், சுவாமிகள் மறைந்தார். மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்து, மட்டக்களப்பு நகரில் படித்து, 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்து, பிறகு துறவறம் பூண்ட ஒருவர் எழுதிய நூல் அது. வாவிக்கரையில் அந்நூலைப் பற்றிப் பேச்செழுந்தால், மறைந்துபோன ஒரு வாத்தியம் மீட்கப்பட்ட கதையாகவே பெரும்பாலும் அது எழும். நூலுக்குள் ஓடும் கணக்கை நாம் அரிதாகவே தொடுகிறோம். இசைநரம்பியல், பாலைத்திரிபியல் என்ற இயல்களில் இசை என்பது விதியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகச் செல்லும் கணக்கு. டியூரிங் இயந்திரக் கோட்பாட்டை விளங்கிக்கொள்ள விரும்பும் தமிழ் வாசகருக்கு அந்தக் கணக்கைவிட நல்ல வாசல் கிடையாது என்பது என் எண்ணம். அக்கோட்பாட்டின் மையம் இயந்திரத்தில் இல்லை என்பதும், ஒரு விதியைப் பின்பற்றுவதற்கும் அந்த விதி எங்கே கொண்டுபோய் விடும் என்று அறிவதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் இருக்கிறது என்பதும் அந்த வாசல் வழியே போனால் தெளிவாகும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விபுலானந்தரைக் கணினியியலின் முன்னோடியாக்கும் நோக்கம் எனக்கு இல்லை. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்ற பேச்சு, நம்மிடம் உண்மையில் இருந்ததைப் பார்க்கவிடாமல் செய்கிறது. அலன் டியூரிங்கின் புகழ்பெற்ற கட்டுரை, கணிக்கத்தக்க எண்களைப் பற்றியது, 1936 மே மாதத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டுகளில் விபுலானந்தர் யாழ் ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்தார். ஒருவர் எழுத்து மற்றவர் கைக்குப் போகவில்லை, போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. டியூரிங்கின் தாயார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். அந்தச் செய்தியிலிருந்தும் எதையும் கறக்க வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒரு கணக்கை மட்டும்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று நரம்புகள் ஏழு. குரலை முதலாகக் கொண்டு பாடினால் ஒரு பாலை. குரலின் இடத்தில் வேறொரு நரம்பை வைத்து, அங்கிருந்து வரிசையை வாசித்தால் இன்னொரு பாலை. இப்படித் திரித்துக்கொண்டே போனால் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்று ஏழு கிடைக்கும். அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்கு ஏழு நரம்புகளின் பெயரைச் சூட்டி ஆட நிறுத்துகிறாள். ஏழு பேர் கைகோத்து நிற்கும் வட்டத்தில் எவளிடமிருந்து எண்ணத் தொடங்கினாலும் எண்ணிக்கை அவளிடமே திரும்பும். திரும்புமா என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமே இல்லை. பொருள்கள் ஏழு, வழி வட்டம்.

இன்னொரு விதியைப் பாருங்கள். குரலுக்கு இளி ஐந்தாம் நரம்பு. தந்தியின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் அதிர்வு ஒன்றரை மடங்காகும்; காதுக்கு மிக இனிமையாகப் பொருந்தும் இளி பிறக்கும். இப்போது அந்த இளியைக் குரலாகக் கொண்டு அதற்கு ஓர் இளி காண்போம், அதற்கும் ஒன்று. மேல் ஸ்தாயிக்குப் போய்விட்டால் பாதியாக்கிக் கீழே கொண்டுவருவோம். மூன்றால் பெருக்கு, இரண்டால் வகு, விதி இவ்வளவுதான். பன்னிரண்டு முறை செய்தால் ஸ்தாயியைப் பகுக்கும் பன்னிரண்டு இராசி வீடுகளையும் தொட்டுக் குரலுக்கே திரும்பிவிட்டோம் என்று தோன்றும். கணக்கு ஒப்புக்கொள்ளாது. மூன்றைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 531,441. அதற்கு மிக அருகில் உள்ள இரண்டின் அடுக்கு 524,288. ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேலான இந்தப் பிசகைப் பழகிய காது கண்டுபிடித்துவிடும். ஐம்பத்து மூன்று முறை செய்தால் பிசகு விழுக்காட்டில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் மறைவதில்லை. என்றாவது ஒரு நாள், ஆயிரமாவது அடியிலோ கோடியாவது அடியிலோ, சக்கரம் மூடுமா? விதியை எத்தனை முறை வாசித்தாலும் அது இதற்குப் பதில் சொல்லாது. ஓர் அடிக்குப் பின் அடுத்த அடி என்ன என்பதை மட்டுமே அது சொல்லும்.

டியூரிங் தன் கட்டுரையில் செய்த பெரிய காரியம், இப்படி விதியைப் பின்பற்றும் மனிதரை உற்றுப் பார்த்தது. கம்பியும் சக்கரமும் கொண்ட பொறி எதுவும் அங்கே கட்டப்படவில்லை. கட்டம் போட்ட கொப்பியில் கணக்குச் செய்யும் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் செய்வதில் எதை நீக்கினாலும் கணக்கு கெடாது என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனார். தாள் அகலமாக இருக்கத் தேவையில்லை, ஒற்றை வரிசைக் கட்டங்கள் போதும், அதுதான் நாடா. ஒரே பார்வையில் நிறையக் கட்டங்களைப் பார்க்கத் தேவையில்லை, ஒரு கட்டம் போதும். குறிகள் எண்ணிலடங்காமல் இருக்க முடியாது, இருந்தால் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிய முடியாதபடி நெருங்கிவிடும். மனத்தின் நிலைகளும் அதே காரணத்தால் எண்ணத்தக்கவை. கடைசியில் மிஞ்சுவது இது: இந்த நிலையில் இருந்து, இந்தக் குறியைக் கண்டால், இதை எழுது, ஒரு கட்டம் இடமோ வலமோ நகர், இந்த நிலைக்குப் போ. இப்படிப்பட்ட வரிகள் சில சேர்ந்த ஓர் அட்டவணைதான் டியூரிங் இயந்திரம். மனத்தின் நிலை என்ற சொல்லைக் கண்டு மலைப்பவர்களுக்கும் அவர் வழி வைத்திருந்தார். கணக்குச் செய்பவர் பாதியில் எழுந்துபோகலாம். போகுமுன், திரும்பி வந்து எப்படித் தொடர்வது என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதும். மனத்துக்குள் இருந்ததெல்லாம் அந்தக் குறிப்பில் அடங்கிவிடுகிறது.

இளிக் கணக்கை இந்த அட்டவணையில் ஏற்றிப் பார்ப்போம். எண்களை 0, 1 என்ற இரு குறிகளால் எழுதினால் இரண்டால் பெருக்குவதும் வகுப்பதும் புள்ளியை நகர்த்துவதோடு முடிந்துவிடும். ஸ்தாயி மாற்றத்தை அதனால் மறந்துவிடலாம். மிஞ்சுவது மூன்றால் பெருக்குவது. அதற்கு மூன்று நிலைகள் போதும்: மனதில் ஒன்றுமில்லை, மனதில் ஒன்று, மனதில் இரண்டு. வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கம் நகர வேண்டும். மனதில் ஒன்றுமில்லாமல் 0 ஐக் கண்டால் 0 எழுது, மனம் அப்படியே. 1 ஐக் கண்டால் 1 எழுது, மனதில் ஒன்று. மனதில் ஒன்றுடன் 0 ஐக் கண்டால் 1 எழுது, மனம் காலி. 1 ஐக் கண்டால் 0 எழுது, மனதில் இரண்டு. மனதில் இரண்டுடன் 0 ஐக் கண்டால் 0 எழுது, மனதில் ஒன்று. 1 ஐக் கண்டால் 1 எழுது, மனதில் இரண்டு. வெற்றுக் கட்டத்தை 0 என்று கொள்ளலாம். ஆறே வரிகள். பென்சிலோடு உட்கார்ந்து 11 என்ற எண்ணை, அதாவது மூன்றை, இதற்குக் கொடுத்துப் பாருங்கள். 1001 வரும், அது ஒன்பது. ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் நாடாவில் ஒரே ஒரு 1 மட்டும் இருந்து அதன் வலப்பக்கம் எல்லாம் 0 ஆக இருக்கிறதா என்று பார்க்க இன்னும் சில வரிகளைச் சேர்த்துக்கொள்வோம். அப்படி இருந்தால் அது இரண்டின் அடுக்கு, சக்கரம் மூடிவிட்டது, நிறுத்து. இல்லையென்றால் மறுபடியும் பெருக்கு.

இந்த இயந்திரம் ஒருபோதும் நிற்காது. ஏன் என்பதை நாடாவிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு பெருக்கலும் வலக்கோடிக் கட்டத்தில், மனதில் ஒன்றுமில்லாமல் தொடங்குகிறது. குரலுக்கு 1 என்று வைத்துத் தொடங்குவதால் அங்கே இருப்பது 1. விதிப்படி அங்கே மீண்டும் 1 தான் எழுதப்படும். ஆகவே அந்தக் கட்டம் எந்நாளும் மாறப்போவதில்லை. நிற்க வேண்டுமானால் அந்தக் கட்டத்தில் 0 வர வேண்டும். ஒற்றை எண்ணை மூன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றையே என்று பள்ளிப் பிள்ளை சொல்லும் உண்மைதான் இது. ஆனால் அந்த உண்மையை இயந்திரம் ‘காண்பதில்லை’ என்பதைக் கவனிக்க வேண்டும். கோடி முறை அது அந்தக் கட்டத்தின் மேல் வந்து போகிறது, ஒவ்வொரு முறையும் 1 ஐ எழுதுகிறது, முடிவு வரலாம் என்ற கணக்கிலேயே அடுத்த பெருக்கலுக்குப் போகிறது. நாமோ இரண்டு பெருக்கல்களைப் பார்த்துவிட்டு, பெருக்குவதை நிறுத்தி, மாறாமல் இருப்பது எது என்று கேட்டோம். அந்தக் கேள்வி அட்டவணையின் எந்த வரியிலும் இல்லை. விதியைப் பின்பற்றுவது ஒரு வேலை, விதியைப் பற்றி யோசிப்பது வேறு வேலை என்று நான் சொல்வதன் பொருள் இந்த ஒரு கட்டத்தில் முழுதாக அடங்கியிருக்கிறது.

நிற்காமை ஒரு குறை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1936 கட்டுரையில் டியூரிங் போற்றிய இயந்திரங்கள் நிற்காதவைதாம். ஓர் எண்ணின் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக முடிவின்றி எழுதிக்கொண்டே போகும் இயந்திரங்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் ஸ்தாயியைச் சம விகிதங்களாகப் பகுத்தார். அப்படிப் பகுத்தால் மேலே சொன்ன பிசகு எல்லா நரம்புகளுக்கும் பரவிச் சக்கரம் மூடிவிடும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு இடையிலான விகிதம் இரண்டின் பன்னிரண்டாம் மூலம். அதன் தசம இலக்கங்களுக்கு முடிவும் இல்லை, திரும்பி வரும் ஒழுங்கும் இல்லை. இருந்தும் ஒரு சிறிய அட்டவணை அதன் எந்த இலக்கத்தையும் எழுதித் தரும். முடிவில்லாத ஒன்றை முடிவுள்ள சில வரிகள் முற்றாகப் பிடித்துவைத்திருக்கின்றன. இருபத்திரண்டு அலகுக் கணக்கில் நின்ற விபுலானந்தரும் சமப் பகுப்பைச் சொன்ன பண்டிதரும் இசையில் வேறுபட்டது பெரிய விவகாரம். நமக்கு இங்கே வேண்டியது, இருவர் கணக்கும் எழுதிக் காட்டத்தக்க விதிகள் என்பதே. டியூரிங்குக்குக் கெட்ட இயந்திரம் என்பது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு புதிய இலக்கம் எதையும் எழுதாதது. நிற்குமா நிற்காதா என்று இன்று நாம் கேட்கும் கேள்வி, அவர் கேட்டபோது, மாட்டிக்கொள்ளுமா மாட்டிக்கொள்ளாதா என்ற வடிவில் இருந்தது.

அந்தக் கேள்விக்கு எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரு விடைமுறை இருக்க முடியாது என்பதே அவருடைய முடிவு. நிறுவிய விதம் இது. ஒவ்வொரு அட்டவணையையும் ஓர் எண்ணாகக் குறித்துவிடலாம்; அந்த எண்ணை வாசித்து, குறிக்கப்பட்ட இயந்திரம் செய்வதையெல்லாம் தானும் செய்யும் பொது இயந்திரம் ஒன்றை அமைக்கலாம். இப்போது, எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்குரிய இயந்திரம் மாட்டிக்கொள்ளுமா என்று தவறாமல் சொல்லும் ஒரு சோதனை இயந்திரம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு வேறொன்றைக் கட்டுவோம். அது எண்களை ஒன்றிலிருந்து வரிசையாக எடுத்துச் சோதிக்கும். மாட்டிக்கொள்ளாது என்று முதலாவதாகத் தேறும் இயந்திரத்தின் முதல் இலக்கத்தையும், இரண்டாவதாகத் தேறுவதன் இரண்டாம் இலக்கத்தையும், இப்படியே வரிசைப்படி எழுதிக்கொண்டு போகும். சோதனை தவறாது என்பதால் இது மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு கட்டத்தில் அது தன் எண்ணையே சந்திக்கும். சோதனை அதைத் தேர்ச்சி என்று சொல்லும். உடனே அது, அந்த இடத்தில் தான் எழுதப்போகும் இலக்கம் என்ன என்று கணிக்க வேண்டும்; அதைக் கணிக்கத் தன் வேலையை முதலிலிருந்து செய்துபார்க்க வேண்டும்; செய்துபார்த்தால் அதே இடத்தில் அதே கேள்வி. புதிய இலக்கம் எழுதப்படவே மாட்டாது. மாட்டிக்கொள்ளாது என்று தேறியது மாட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே தவறாத சோதனை என்று ஒன்று இல்லை. இந்த நிறுவலைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. இதில் எந்தச் சொல்லும் இரு பொருளில் வரவில்லை. ஒவ்வோர் அடியும் அட்டவணையாக எழுதக்கூடியது.

இதன் பலம் எங்கே தெரிகிறது என்றால், இளிக் கணக்கின் மிக அருகில் உள்ள கணக்குகளில். மூன்றால் பெருக்கி இரண்டால் வகுக்கும் அதே விதியில் ஒரே ஒரு ஒன்றைக் கூட்டுங்கள்: எண் ஒற்றையானால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, இரட்டையானால் பாதியாக்கு. இருபத்தேழில் தொடங்கினால் 9,232 வரை ஏறி, 111 அடிகளில் 1 க்கு வந்து சேரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் 1 க்கு வருமா? லோதர் கொலாட்ஸின் பெயரால் வழங்கும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. வலக்கோடிக் கட்டம் இங்கே உதவாது, கூட்டிய ஒன்று அதைக் கலைத்துவிடுகிறது. இதைவிட வியப்பான ஒன்று 2024 இல் வெளிவந்தது. திபோர் ராடோ 1962 இல் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார்: இவ்வளவு நிலைகளும் இரண்டே குறிகளும் கொண்ட இயந்திரங்களில், வெற்று நாடாவில் தொடங்கி, கடைசியில் நிற்கும் இயந்திரம் எதுவரை ஓட முடியும்? இரண்டு நிலைக்கு 6 அடி, மூன்றுக்கு 21, நான்குக்கு 107. ஐந்து நிலைக்கு 47,176,870 என்று 2024 இல் தான் உறுதியானது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் கோடிக்கணக்கான இயந்திரங்களை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் நிற்காமைக்கு ஒவ்வொரு காரணம் கண்டு, அந்த நிறுவலைக் கணினி சரிபார்க்கும் வடிவில் எழுதினார்கள். ஒரு காரணம் எல்லாவற்றுக்கும் போதவில்லை. டியூரிங்கின் தேற்றத்தை அறிந்தவர்கள் அப்படி எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

ஆறு நிலைக்குப் போனதும் ஓர் இயந்திரம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஆண்டிஹைட்ரா என்று அதற்குப் பெயர். அது செய்யும் வேலையை எண்களில் சொன்னால்: எட்டில் தொடங்கு, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மடங்காக்கு, அரை வந்தால் தள்ளிவிடு. 8, 12, 18, 27, 40, 60, 90, 135. வரும் எண்களில் ஒற்றைகளின் எண்ணிக்கை, இரட்டைகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கைத் தாண்டினால் நில். ஒன்றரை மடங்கு, அதாவது குரலிலிருந்து இளிக்கு ஏறும் அதே விகிதம். தூய விகிதத்தில் சக்கரம் மூடாது என்பதை ஒரு கட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அரையைத் தள்ளிவிட்ட இந்த வரிசையிலோ ஒற்றையும் இரட்டையும் நாணயம் சுண்டியதுபோல விழுகின்றன. அப்படியே விழுமானால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும், ஒற்றை இரு மடங்காக வாய்ப்பு மிக மிகக் குறைவு, இயந்திரம் நிற்காது என்று அறிந்தவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். நிறுவ ஒருவராலும் முடியவில்லை. விதி நம் உள்ளங்கையில் அடங்குகிறது. அதன் போக்கு அடங்கவில்லை.

நாடாவை முடிவற்றது என்று கொண்டதால்தான் இந்தச் சிக்கல், உண்மைக் கணினியின் நினைவகத்துக்கு எல்லை உண்டே என்று ஒரு மறுப்பு உண்டு. அது சரியான கூற்றுத்தான். எல்லையுள்ள நினைவகம் எடுக்கக்கூடிய தோற்றங்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. இயந்திரம் நிற்காமல் ஓடினால், ஏழு பெண்களின் குரவைபோல, என்றாவது ஒரு தோற்றம் மீண்டும் வந்தே தீரும், வந்ததும் அது நிற்காது என்று அறிந்துவிடலாம். ஆனால் 300 கட்டங்கள் மட்டுமே கொண்ட நாடாவின் தோற்றங்களே, நாம் காணக்கூடிய பேரண்டத்தில் இருப்பதாக மதிப்பிடப்படும் அணுக்களைவிட அதிகம். காத்திருந்து அறிவது என்ற வழி பேச்சளவில்தான் வழி. அதோடு, டியூரிங்கின் நாடா எந்த நேரத்திலும் முடிவற்ற அளவு எழுதப்பட்டதாக இருப்பதில்லை. முன்கூட்டியே விதித்த எல்லை அதற்கு இல்லை, அவ்வளவுதான். கொப்பி முடிந்தால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கும் மாணவருக்கும் அப்படி ஓர் எல்லை இல்லை.

இன்னொரு மறுப்பு நான் மேலே சொன்னதையே எனக்கு எதிராகத் திருப்பும். வலக்கோடிக் கட்டம் மாறாது என்று மனிதர் கண்டார், இயந்திரம் காணவில்லை. அப்படியானால் மனம் விதிக்கு அப்பாற்பட்டது என்பதை நீரே ஒப்புக்கொண்டீர் அல்லவா? இந்த முடிவுக்கு வர எனக்கும் ஆசைதான். நான் எழுதியதில் இருந்து அது வராது. பெருக்கும் இயந்திரம் காணவில்லை என்பது உண்மை. ஆனால் பெருக்கும் இயந்திரங்களின் அட்டவணையை வாசித்து, எந்தக் கட்டம் மாறாமல் இருக்கிறது என்று தேடும் வேறோர் இயந்திரத்தை எழுதிவிடலாம். ஐந்து நிலைக் கேள்வியைத் தீர்த்தவர்கள் அப்படிப்பட்ட பலவற்றைத்தான் எழுதினார்கள். அந்த இரண்டாம் இயந்திரத்துக்கும் தெரியாதவை இருக்கும், அவற்றுக்கு மூன்றாவது ஒன்று வேண்டும். ஆண்டிஹைட்ராவின் முன் மனிதரும் இயந்திரமும் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மனத்துக்கு எல்லை இல்லை என்றோ, மனமும் ஓர் அட்டவணையே என்றோ டியூரிங்கின் தேற்றம் சொல்லவில்லை. எழுதி வைத்துவிட்ட எந்த ஒரு முறையும் எல்லாக் கேள்விக்கும் போதாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நாளை யாரேனும் அந்த ஒன்றரை மடங்கு வரிசையில் மாறாமல் இருக்கும் ஏதோ ஒன்றைக் கண்டு ஆண்டிஹைட்ரா நிற்காது என்று நிறுவக்கூடும். ஆறு நிலைகளில் அதைப் போன்ற வேறு இயந்திரங்களும் விடையின்றிக் கிடக்கின்றன. அவற்றுக்கு அந்த நிறுவல் உதவுமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.